சர்வேசண்ணன் சொன்னது

யாழினியின் கட்டுரையை மூலங்காட்டி மூன்றாவது தடவையாகத் திருப்பித் துப்பியது. திரை முழுக்கச் சிவப்பு. அடியில் ஒரே வரி: ‘தவறான மூலம்.’

“யாரோட கருத்தைத் திருடுனீங்க யாழினியக்கா? உண்மையச் சொல்லீருங்க,” என்று சிரித்தாள் மிதுனா. ‘நாளொளி’ நாளிதழின் கருத்துப் பக்கத்துக்கு அவள்தான் பொறுப்பு. அந்தப் பக்கத்தில் பெண் பெயரைப் பார்ப்பதே அத்தி பூத்தாற்போல இருந்ததால், பூவனப்பாளையத்துப் பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் எழுத்துப் பட்டறை நடத்திவந்தாள்.

“திருடறதா! ஒவ்வொரு பத்தியிலயும் யாரு சொன்னதுன்னு பேரு போட்டுத்தானுங்களே எழுதியிருக்கறேன்?”

போட்டுத்தான் இருந்தாள். ‘ஒருத்திக்கு நிற்காத வண்டி ஊருக்கும் நிற்காது என்று என் கணவர் சொல்வார்’ என்று தொடங்கி, ‘இவை அனைத்தும் என் கணவரின் கருத்துகளே’ என்று பணிவாக முடித்திருந்தாள்.

எந்திரங்கள் நிமிடத்துக்கு ஆயிரம் கருத்துக் கட்டுரைகளை எழுதித் தள்ள ஆரம்பித்தபோது பத்திரிகைகளுக்கு விழி பிதுங்கிவிட்டது. அந்தத் தொல்லைக்குப் பிறந்த மருந்துதான் மூலங்காட்டி. நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டு தன் கட்டுரையைத் தானே வாசிக்க வேண்டும். பிறர் வாயால் கேட்டது மூளையில் சத்தத்தோடு பதிந்திருக்கும். தானாக நினைத்தது சத்தமில்லாமல் பதிந்திருக்கும். சொந்த வரிக்குப் பச்சை விளக்கு. கேட்ட வரி என்றால் மஞ்சள் எரிவதோடு, கேட்ட குரலையும் அப்படியே ஒலிபரப்பிவிடும். மூலத்தை மாற்றிச் சொன்னால் சிவப்பு. எத்தனையோ பெரிய மனிதர்கள் முதல் நாளே பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று எழுத்தையே விட்டுவிட்டார்கள்.

மூலங்காட்டி முத்திரையோடு அச்சான கருத்தைத்தான் நகராட்சியும் மனுவாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் யாழினிக்கு இத்தனை அவசரம். அவள் வேலை பார்க்கும் மஞ்சள் கிடங்கின் முன்னால் இருந்த பேருந்து நிறுத்தத்தை அடுத்த வாரம் எடுத்துவிடப் போகிறார்கள். ஓட்டுநர் இல்லாத தன்னோட்டப் பேருந்துகள் நிழற்குடைக்குள் தலைகளை எண்ணும். பத்துத் தலை தேறாவிட்டால் நிற்காமல் போய்விடும். தகரக் கூரையின் காங்கை தாங்காமல் கிடங்குப் பெண்கள் எதிர்ப்பக்கம் புங்கமர நிழலில் நிற்பார்கள். மரத்தடியை எண்ண வேண்டும் என்று வண்டிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆக, வண்டியின் கணக்குப்படி அநேக நேரம் அங்கே ஏற ஆளே இல்லை. பத்துப் பேராகத் திரண்டு கூரைக்குள் நின்றால்தான் ஏதோ ஒரு வண்டி நிற்கும். நிறுத்தம் போய்விட்டால் சாயங்காலம் வேலை முடிந்து அத்தனை பேரும் வீடு வரைக்கும் நடக்க வேண்டியதுதான்.

“பெயர் குறிப்பிட்டவர் நேரில் வந்து பட்டையைக் கட்டிக்கிட்டா வேலை முடிஞ்சுது. அண்ணனக் கூட்டிட்டு வாங்கக்கா,” என்றாள் மிதுனா.

கணவர் இதில் ஒரு வரியும் சொன்னதில்லை என்று யாழினிக்குத் தெரியாதா என்ன?

கல்யாணமான புதிதில் ஒரு நாள், கிணற்று மோட்டாரை மேட்டுக்கு மாற்றி வைத்தால் மழையில் நனையாது என்று மாமனாரிடம் சொன்னாள். “நீ சும்மா இரு அம்மிணி,” என்று பதில் வந்தது. மறுநாள் அதையே, “அவரு சொன்னாருங்க மாமா,” என்று சேர்த்துச் சொன்னாள். சாயங்காலம் மோட்டார் மேட்டில் இருந்தது. அன்று பிடித்துக்கொண்ட வழக்கம். வங்கியில், பள்ளிக்கூடத்தில், கோயில் கூட்டத்தில், எங்கே வாய் திறந்தாலும் ‘எங்க வீட்டுக்காரரு சொல்லுவாருங்க’ முன்னால் போகும். அவள் எண்ணம் பின்னால் போகும்.

கணவர் சர்வேஷோ வாயில் கொழுக்கட்டை வைத்தவர். எதைக் கேட்டாலும் “ம்” என்பார், மிஞ்சிப் போனால் “பாக்கலாம்.” நிறைகுடம் தளும்பாது என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. ‘சர்வேசண்ணன் சொன்னாராம்’ என்றால் அப்பீல் கிடையாது. தெரு நலச் சங்கத்துக்குப் போட்டியின்றித் தலைவராக்கி, கோயில் நோம்பித் திருவிழாவில் முதல் மரியாதையும் கொடுத்தார்கள். அந்த மரியாதை தன்னால் கவிழ்ந்துவிடுமோ என்று யாழினி பயந்தாள். நல்ல மனுசன்; ஒருநாளும் அவளைக் கடிந்து பேசியதில்லை.

பத்திரிகையில் பெயர் வரப்போகிறது என்றதும் சர்வேஷ் தேய்த்த சட்டையோடு பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார். பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். பட்டையைக் கட்டிவிட்டு, மிதுனா முதல் வரியை வாசித்தாள்.

“ஆமாங்க, நான் சொன்னதுதானுங்க,” என்றார் அவர், பெருந்தன்மையாக.

சிவப்பும் கூடவே மஞ்சளும் எரிந்தன. மூலங்காட்டிப் பெட்டிக்குள்ளிருந்து குக்கர் விசில் கேட்டது. விசில் அடங்கியதும் யாழினியின் குரல்: “ஏனுங்க, ஒருத்திக்கு நிக்காத வண்டி ஊருக்கு நிக்குமாங்க?” கொஞ்சம் இடைவெளி. பிறகு சர்வேஷின் குரல்: “ம்.”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மிதுனா அவசரமாக அடுத்த வரிக்குப் போனாள். இந்தத் தடவை துணி துவைக்கும் சத்தம், நடுவே யாழினி, முடிவில் “ம்.” அதற்கடுத்த வரியில் எண்ணெயில் கடுகு வெடித்தது, யாழினி பேசினாள், கடைசியில் ஒரு கொட்டாவியும் “ம்”மும் வந்தன. யாழினி தலையை நிமிர்த்தவே இல்லை.

சர்வேஷ் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். “அப்ப, நான் சொன்னது அந்த ‘ம்’ மட்டுந்தானுங்களா?”

மிதுனா நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அது உங்களோடதுதாங்கண்ணா. பச்சை காட்டுது.”

“அதுக்கா முதல் மரியாத குடுத்தாங்கொ?” என்று எழுந்தார்.

வீட்டுக்குப் போகக் கிடங்கு நிறுத்தத்துக்குத்தான் வர வேண்டும். இரண்டு பேரும் தகரக் கூரையின் கீழ் நின்றார்கள். யாழினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“நாஞ் சொன்னா ‘உனக்கென்ன தெரியும்’னாங்க. நீங்க சொன்னீங்கன்னா தலையாட்டுனாங்க. அப்படியே பழகிப்போச்சுங்க. உங்களக் கேக்காம உங்க பேரப் போட்டது தப்புத்தான்.”

பேருந்து வந்தது. இரண்டு தலையை எண்ணியது. நிற்காமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

தேய்த்த சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு சர்வேஷ் சொன்னார்: “உம் பேர்லயே போடு புள்ள. இந்தத் தலைவர் பதவியும் பரிவட்டமும் எனக்கு எப்பவுமே பெரிய சைஸு சட்டையாட்டத்தான் இருந்துச்சு.”

அடுத்த தடவை ‘என் கணவர் சொல்வார்’ அத்தனையையும் யாழினி அடித்துவிட்டாள். கட்டுரை பாதியாகச் சுருங்கி இரண்டு மடங்கு காரமாகிவிட்டது. மூலங்காட்டி தலைமுதல் கால்வரை பச்சையாக எரிந்தது. யாழினி தன் பெயரை அச்சில் பார்த்து, யாரும் பார்க்காதபோது இன்னொரு தரம் பார்த்து, அப்புறம் அழுதாள். சந்தோஷ அழுகைதான். நிறுத்தம் தப்பியது; புங்கமரத்தடியையும் சேர்த்து எண்ணி, ஒரு தலைக்கும் நின்றாக வேண்டும் என்று வண்டிகளுக்கு உத்தரவானது. பட்டறையின் மற்றப் பெண்களும் வீட்டுக்காரர்களைக் கட்டுரையிலிருந்து இறக்கிவிட, அந்த மாதமே ஊரில் பல ஞானிகளுக்கு மவுசு போயிற்று.

இப்போது தெருவில் யாழினி சொல்தான் சொல். ரேஷன் கடை இடம் மாற்றுவதா, வாய்க்கால் தூர்வாருவதா, “யாழினியக்காவக் கேட்டியா?” என்றுதான் பேச்சு. சங்கத் தலைமையும் அவளிடமே வந்தது. அவளும் சளைக்காமல் பேசினாள். காலையில் பேசினாள், சோறு போடும்போது பேசினாள், விளக்கை அணைத்த பிறகும் பேசினாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் மிதுனா அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். “ஒரு கட்டுரை வந்திருக்குதுக்கா. மூலம்னு உங்க பேரப் போட்டிருக்குது. நீங்க உறுதிப்படுத்தணும்.” எழுதியவர் அசட்டுச் சிரிப்போடு மூலையில் உட்கார்ந்திருந்தார். சர்வேஷ்.

பட்டையைக் கட்டிக்கொண்டு யாழினி வாசித்தாள். ‘எல்லோரும் கருத்துச் சொல்லும் ஊரில் ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்கப் பேருந்தில் ஓர் இருக்கையாவது ஒதுக்க வேண்டும் என்று என் மனைவி சொல்வாள். விளம்பரம், பாட்டு, அறிவிப்பு எதுவும் அந்த இருக்கைக்குக் கேட்கக் கூடாது. பேசாதவனுக்கும் ஊரில் பங்கு உண்டு என்று என் மனைவி சொல்வாள்.’

பெட்டியில் குக்கர் விசில் இல்லை. யார் குரலும் இல்லை. திரை சிவந்தது. ‘தவறான மூலம்.’

“நான் எப்பங்க இதச் சொன்னேன்?”

“நீ சொல்லலைதான். நாஞ் சொன்னா யாரு கேக்கறாங்க? யாழினி சொன்னான்னா தலையாட்டறாங்கொ.”

தன் வார்த்தையே திரும்பி வந்து யாழினியைச் சுட்டது. இத்தனை வருஷம் அவர் பெயரால் ஊருக்கே பேசியிருக்கிறாள். உங்களுக்கு என்ன தோணுதுங்க என்று அவரை ஒரு தடவை கேட்டதுண்டா? யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை.

நெற்றிப்பட்டையைக் கழற்றி அவர் தலையில் அவளே கட்டினாள். “உங்க பேர்ல படிங்க. நான் பேசாம கேக்கறேன்.”

சர்வேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். முதல் வரி தடுமாறியது. போகப் போக நிமிர்ந்துகொண்டது. ஒவ்வொரு வரிக்கும் பச்சை எரிந்தது. அவர் இத்தனை நீளமாகப் பேசி யாழினி கேட்பது இதுதான் முதல் தடவை. முடித்துவிட்டு அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“ம்,” என்றாள் யாழினி.

“மத்ததெல்லாம் சரி புள்ள,” என்றார் சர்வேஷ், “அந்த ‘ம்’ மட்டும் என்னோடது.”