யாளி படுத்த இடம்

காரி பாறையிலிருந்து துதிக்கையை எடுத்துவிட்டுத் தெற்கே திரும்பியது.

செந்தூரன் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். இறுகியதே தவிர யாளியின் கழுத்து அசையவில்லை. கரடியைவிட இருமடங்கு பெரிய உடல், சாம்பல் செதில்கள், யானையின் முகம். வாய்க்குள் அரைபட்டுக்கொண்டிருந்த கருங்கல்லைக்கூட அது துப்பிவிட்டது.

"அக்கா, இஞ்சை வாங்கோ. இது வேலையை விட்டிட்டுப் போகப் பாக்குது."

நிரஞ்சினி கல் மாதிரிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். புதுத்துறைச் சுரங்க மன்றத்தின் நிலவியலாளர் அவள். செந்தூரன் அவளோடு பல கோடைகளாக வடபுலத்தில் திரியும் யாளிப் பாகன். மரம் முளைக்காத அந்த வெளியில் பாறையும் பாசியும் ஏரிகளும்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஒரு காலத்தில் அதன்மேல் ஊர்ந்துபோன பனியாறு பாறை முழுவதையும் தென்கிழக்கு நோக்கிச் சுரண்டிக் கோடு போட்டிருந்தது.

அந்தக் கோடுகள்தான் அவளைக் குழப்பின. பனியாறு கனிமத்தை மூலப் பாறையிலிருந்து பெயர்த்துத் தென்கிழக்கே வாரி இறைத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆகவே மூலத்தைத் தேடும் எந்த யாளியும் சிதறல்களை மோந்தபடி வடமேற்கே ஏறிப்போகும். பனியாறு போன திசையிலேயே ஒரு யாளி இறங்கிப்போனதை அவள் பார்த்ததில்லை.

"விடு, போகட்டும்" என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. "இந்தச் சிதறலையெல்லாம் விட்டிட்டு ஒரே மூச்சிலை போகுதெண்டால், அங்கை எவ்வளவு பெரிய படிவம் இருக்கும்!"

யாளிக்கு ஆய்வுக்கூடத்தில் நீண்ட பெயர் ஒன்று இருந்தது. கரடியின் உடலையும் யானையின் மோப்பத்தையும் கல்லைக் கரைக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்து அதைப் படைத்தவர்கள் ஒவ்வொன்றையும் எண்ணால்தான் அழைத்தார்கள். ஆனால் முதல் விலங்கு புதுத்துறையில் வந்து இறங்கிய அன்று, கோயில் தூணிலிருந்து குதித்து வந்தது மாதிரி இருக்கிறதே என்று சனம் வாயைப் பிளந்தது. அந்தப் பெயரே நிலைத்தது.

கடல் ஏறி யாழ்ப்பாணக் கரையையும் நாகப்பட்டினக் கரையையும் விழுங்கிய பிறகு, இடம்பெயர்ந்தவர்கள் இந்த வடகடல் ஓரத்தில் எழுப்பிய நகரம் புதுத்துறை. எச்சில் தரையில் விழுமுன் உறைந்துபோகும் குளிர்காலம் அதற்கு. ஒவ்வொரு வீட்டின் அடியிலும் புதைத்திருந்த வெப்பக்கலம் கோடையின் வெயிலையும் காற்றையும் சேமித்து, குளிர்காலம் முழுவதும் சூட்டைக் கொடுத்தது. மனிதர்கள் அணிந்த வெப்பச் சட்டையிலும் நூலோடு நூலாகச் சிறு கலங்கள் ஓடின. அவற்றைச் செய்ய அரிய உலோகங்கள் சில வேண்டும். கலமண் என்று எல்லோரும் சொல்வது அவற்றைத்தான்.

யாளிக்குப் பசியே கலமண்தான். தின்னத் தின்ன அது எலும்பில் சேரும். இருப்பதிலேயே செறிவான இடத்தைக் கண்டால் படுத்துவிடும். படுத்தால் எழாது. வயிற்றுக்கடியில் நிலத்தைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். கடைசியில் அதன் எலும்பிலிருந்து கலமண்ணைப் பிரித்தெடுப்பார்கள். யாளி படுத்த இடம் சுரங்கம், சுற்றி வாழ்பவர்கள் வெளியேற வேண்டும், படுத்த யாளியைத் தொடுவது குற்றம் என்று புதுத்துறை சட்டம் செய்திருந்தது. ஏரிக்கரைக் குடியிருப்புகள் பலவற்றில் அந்த அறிவித்தலை ஒலிபெருக்கியில் வாசித்தவள் நிரஞ்சினி. ஊருக்குச் சில குடும்பங்கள்தானே, மறுபக்கம் குளிரில் பல இலட்சம் பேர் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்வாள். அதை நம்பவும் செய்தாள்.

காரியின் பின்னால், கலத்தில் ஓடும் வண்டியில் போனார்கள். போகப்போக மற்ற யாளிகள் வந்து சேர்ந்தன. சில வேறு குழுக்களுடையவை, அறுந்த சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தன. சில திறந்த வெளியிலேயே பிறந்து பெருகியவை, காதில் குறி இல்லாதவை. எதுவும் மேயவில்லை. ஒன்றையொன்று பார்க்கவுமில்லை. சேற்றில் சிக்கிய குட்டியைத் தாய் திரும்பிப் பார்க்காமல் போனது. செந்தூரன் இறங்கி அந்தக் குட்டியை வெளியே இழுத்துவிட்டான். அது அவனைத் தள்ளிவிட்டு ஓடியது.

"எனக்கு இது பிடிக்கேல்லை அக்கா" என்றான்.

வானொலியில் சுரங்க மன்றத் தலைவர் அருள்நம்பி உற்சாகமாக இருந்தார். எல்லாக் குழுக்களின் யாளிகளும் போகும் திசைகளை வரைபடத்தில் இழுத்தால் கோடுகள் புதுத்துறைப் பக்கமாகக் கூடின. நகரத்துக்கு அப்பால் கடலடியில் பெரும் படிவம் இருக்க வேண்டும் என்று மன்றம் அறிவித்தும்விட்டது.

மறுநாள் மதியம் வண்டியின் கலம் தீர்ந்துபோனது. செந்தூரன் மூடியைத் திறந்து புதுக் கலத்தை வெளியே எடுத்தான். முன்னால் போய்க்கொண்டிருந்த காரி நின்றது. திரும்பியது. நேராக அவனிடம் வந்து கலத்தின்மேல் துதிக்கையை வைத்து, குழந்தையின் தலையை முகர்வதுபோல நீண்ட நேரம் முகர்ந்தது. பிறகு விட்டுவிட்டு மீண்டும் தெற்கே நடந்தது.

நிரஞ்சினி வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டாள்.

"என்னக்கா?"

"கடலுக்கடியிலை ஒண்டும் இல்லை, செந்தூரன். எந்தப் பாறையிலும் கலமண் சிட்டிகை அளவுதான் இருக்கும். அதைச் சுத்தப்படுத்தி, ஒண்டுசேர்த்து, வீட்டுக்கு வீடு புதைச்சு வச்சிருக்கிறம். உலகத்திலை அதைவிடச் செறிவான படிவம் எங்கை இருக்கு?"

செந்தூரன் கையிலிருந்த கலத்தைப் பார்த்தான். அவன் மனைவி தமயந்தியும் இரண்டு வயது மகள் நிலானியும் புதுத்துறையில் இருந்தார்கள். சட்டென்று உறக்கத் துப்பாக்கியை எடுத்துக் காரியைச் சுட்டான். மருந்து தீரும்வரை சுட்டான். காரி தள்ளாடியது, நடந்தது. மற்றவை அதைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன.

வானொலியில் அருள்நம்பி முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு குரல் மாறியது.

"கலங்களை நிப்பாட்டச் சொல்லுறியோ? நிப்பாட்டினாலும் மண் மண்தானே, மணக்கும். தோண்டி எடுக்கிறதெண்டால் குளிருக்கு முதல் முடியுமே? ராணுவத்தைக் கூப்பிட்டுச் சுடுவம்."

"சுடலாம் ஐயா. செத்த யாளியின்ரை எலும்பெல்லாம் கலமண். விழுந்த இடத்திலை மற்றது வந்து படுக்கும். நகரத்தைச் சுத்தி நாங்களே படிவம் கட்டினமாதிரி முடியும்."

"எதுக்கும் நீ வா" என்றார் அருள்நம்பி. "அறிவித்தலை வாசிக்க ஆள் வேணும்."

முதலாவது யாளி கந்தன் கோயில் வீதியில் படுத்தது. சனம் பயப்படவில்லை. தங்கள் வீதியில் புதையல் என்று தேங்காய் உடைத்தார்கள். யாரோ அதன் நெற்றியில் சந்தனம் பூசினார்கள், பிள்ளைகள் முதுகில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் அதன் வயிற்றுக்கடியிலிருந்து புளித்த ஆவி எழுந்தது. வீதி குழிந்தது. இரண்டு பக்கத்து வீடுகளும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன. கலங்கள் தின்னப்பட்டு அந்த வீதி முழுவதும் குளிர்ந்துபோன அன்றுதான் மற்ற யாளிகள் வடக்குப் பாலத்தைக் கடந்தன.

நிரஞ்சினி ஒலிபெருக்கியோடு வீதி வீதியாகப் போனாள். வாசகம் அவளுக்கு மனப்பாடம். வெளியேற வேண்டும், அத்தியாவசியப் பொருட்களை மட்டும் எடுத்துக்கொள்ளவும். எங்கே போவது என்பதற்கு அந்த வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பதை அவள் முதன்முதலாகக் கவனித்தது, தன் சொந்த வீட்டு வாசலில் நின்று அதை வாசித்தபோது.

கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கடல் உறையுமுன் தெற்கே போனார்கள். மற்றவர்கள் கூட்டம் கூட்டமாக உள்நாட்டுக்குள் புறப்பட்டார்கள். நிரஞ்சினி ஒரு கூட்டத்தைப் பழைய சுரங்க ஏரி ஒன்றை நோக்கி வழிநடத்தினாள். யாளிகள் முழுக்கத் தின்று தீர்த்த இடம். அங்கே மணம் மிச்சமில்லை.

நகரத்தில் இடம் கிடைக்காத இளம் யாளிகள் பின்னால் வந்தன. கூட்டத்தின் பின்வரிசை வண்டி நின்றால் அதன்மேல் படுத்தன. சனம் ஒவ்வொரு வண்டியாகக் கைவிட்டு, இறுதியில் நடந்தே ஏரிக்கு வந்து சேர்ந்தது. மன்றத் தலைவர் அருள்நம்பியும் கையில் ஒரு பையோடு நடந்து வந்தார். ஏரி உறைந்திருந்தது. அக்கரையில், காட்டோரத்து மரவீடுகளிலிருந்து விறகுப் புகை எழுந்தது.

பனியின்மேல் ஒரு பெண் எதிரே வந்தாள். கலைமான் தோல் அங்கி, நாற்பது வயதிருக்கும். வெளியேற்றப்பட்ட பிறகு, சுரங்கம் தீர்ந்ததும் தன் ஆட்களோடு இங்கே திரும்பி வந்தவள். பெயர் ரோஸ். நிரஞ்சினியிடம் ஆங்கிலத்தில் பேசினாள்.

"உன் முகம் நினைவில்லை. குரல் நினைவிருக்கிறது. இந்தக் கரையில் நின்றுதான் வாசித்தாய்."

"ஆமாம்" என்றாள் நிரஞ்சினி.

ரோஸ் அவளுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். "வீடுகள் காலியாகத்தான் இருக்கின்றன. மீன் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது, இரும்பை யாளிகள் தொடுவதில்லை. வரலாம். ஆனால் அது வரக்கூடாது." அவள் விரல் நிரஞ்சினியின் வெப்பச் சட்டையைக் காட்டியது. "உங்கள் கலமண் ஒரு துளிகூட எங்களிடம் இல்லை. அதனால்தான் இன்னும் இருக்கிறோம்."

நிரஞ்சினி அதைத் தமிழில் உரக்கச் சொன்னாள். கூட்டத்தில் ஓர் இரைச்சல் எழுந்தது.

"இந்தக் குளிரிலை கழட்டுறதோ? அக்கரைக்குப் போக முதல் விறைச்சுச் செத்துப்போவம்!"

"தோல் அங்கி எத்தினை இருக்கெண்டு கேளுங்கோ."

எல்லோருக்கும் போதாது. ரோஸ் அதை ஒளிக்கவில்லை. ஒரு தடவைக்குச் சிலராக, சறுக்குவண்டியில் தோலைப் போர்த்தி இழுத்துப் போகலாம் என்றாள். தெற்கு மேட்டில் துதிக்கைகள் வரிசையாக உயர்ந்து காற்றை முகர்ந்துகொண்டிருந்தன.

நிரஞ்சினி பொத்தான்களைக் கழற்றினாள். சட்டை கீழே விழுந்ததும் நெஞ்சுக்குள் யாரோ கை விட்டுப் பிடித்ததுபோல மூச்சு நின்றது. ரோஸ் ஒரு தோலை எடுத்து அவள்மேல் போட்டாள்.

செந்தூரன் மகளை இறுக்கி அணைத்தபடி நின்றான். "அக்கா, பிள்ளை தாங்காதக்கா. மீட்பு விமானம் வருமெண்டு மன்றத்திலை சொன்னவை. ஒரு நாள் பாப்பம்."

தமயந்தி நிலானியை அவன் கையிலிருந்து வாங்கினாள். பனியில் மண்டியிட்டு, குழந்தையின் சட்டையைக் கழற்றித் தூர எறிந்தாள். நிலானி வீறிட்டாள். ரோஸ் தன் அங்கியைத் திறந்து குழந்தையைத் தன் உடம்போடு சேர்த்து மூடிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு செந்தூரனின் விரல்களும் பொத்தானைத் தேடின. அவனோடு இன்னும் சிலர். மற்றவர்கள் நகரவில்லை.

சறுக்குவண்டிகள் அக்கரைக்குப் போய்த் திரும்பின. ஒவ்வொரு தடவையும் காத்திருந்தவர்கள் குறைந்தார்கள், ஆனால் விரைவாக இல்லை. கடைசி நடைக்கு நிரஞ்சினி தானே இழுவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். கைவிரல்களில் உணர்ச்சி இல்லை.

யாளிகள் இறங்கி வந்திருந்தன. அவை யாரையும் முட்டவில்லை, மிதிக்கவில்லை. தொழுவத்துக்குத் திரும்பிய மாடுகளைப்போல ஆட்களுக்கு நடுவே வந்து மெல்லக் கால் மடக்கிப் படுத்தன. ஆட்களும் ஓடவில்லை. காற்றை மறைத்த அந்தப் பெரிய உடல்களில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். நெஞ்சில் சட்டையின் பச்சை விளக்குகள் எரிந்தன. பனியிலிருந்து புளித்த ஆவி எழத் தொடங்கியிருந்தது.

அருள்நம்பி கரையோரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் படுத்திருந்த யாளி துதிக்கையை அவர் தோளின்மேலாக நெஞ்சில் போட்டிருந்தது. பச்சை விளக்கு அதனடியில் மங்கிக்கொண்டு வந்தது.

"ஐயா, கழட்டுங்கோ. வாங்கோ!" நிரஞ்சினி தோலை நீட்டினாள். பற்கள் கிட்டியதில் சொற்கள் சிதறின.

அவர் நடுங்கிக்கொண்டிருந்த அவளை இரக்கத்தோடு ஏறிட்டுப் பார்த்தார்.

"என்னத்துக்குப் பிள்ளை?" என்றார். "இன்னும் சூடாத்தானே இருக்கு."