குச்சி நடாத குழி

பொரிப்பகத்தின் வடக்கு மூலையில், மற்றக் குழிகளெல்லாம் வெயிலில் வெளுத்துக் காய்ந்து கிடக்க, ஒரு குழியின் மணல் மட்டும் இப்போதுதான் அலை வந்து போனது போல நனைந்து கறுத்திருந்தது. துர்காதேவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருவிடந்தைக் கரையில் பங்குனி ஆமைகள் இட்டுப்போகும் முட்டைகளை எடுத்து வந்து, மூங்கில் வேலிக்குள் பதித்து, குஞ்சு பொரித்துக் கடலுக்குப் போகும்வரை காவல் காப்பது அவள் வேலை. பதிக்கிற ஒவ்வொரு குழிக்கும் ஒரு குச்சி நடுவாள். மேலே கூடையைக் கவிழ்ப்பாள். இந்தக் குழிக்குக் குச்சியும் இல்லை, கூடையும் இல்லை.

"யாரோ வாலண்டியர் பசங்க பொதச்சிட்டு குச்சி நட மறந்துட்டாங்க, யக்கா. இதுக்குப் போய் இன்னாத்துக்கு யோசிச்சினு நிக்கிற?" என்றான் கூட வேலை பார்க்கும் ஜெயக்குமார்.

இருக்கலாம். ஆனால் கடலிலிருந்து ஏறி வந்த தடம், வேலி எங்கும் பிரியாமலே உள்ளே தொடர்ந்து அந்தக் குழியில் முடிந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. பார்வைக்கு ஆமைத் தடம்தான். துடுப்பு பதிய வேண்டிய இடங்களில் மட்டும் விரல்கள் பிரிந்திருந்தன. அதை அவள் ஜெயக்குமாருக்குக் காட்டவில்லை. மார்கழியில் அவளுடைய ஒரே மகள் எழிலை இதே கரையில் அலை இழுத்துப் போனதிலிருந்து, அவள் எதைச் சொன்னாலும் எல்லாரும் இரக்கத்தோடு தலையாட்டினார்கள். ஏழு வயதுப் பிள்ளை. உடம்பு கிடைக்கவில்லை. படகு படகாய்த் தேடினார்கள். கரை ஒதுங்கியதெல்லாம் விசைப்படகு வலையில் மூச்சு முட்டிச் செத்த ஆமைகள்தான். அவற்றை ஒவ்வொன்றாகக் குழிதோண்டிப் புதைத்தவளும் அவளே. மகளைப் புதைக்கத்தான் அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தக் குழிக்கும் ஒரு கூடையைக் கவிழ்த்தாள். உள்ளே உயிர் முற்ற முற்றக் குழிமணல் சூடேறும். புறங்கையை வைத்தாலே தெரியும். இது ஏறவில்லை. வேலி மூங்கில் வெடிக்கிற வெயிலிலும், மீன் வைக்கிற ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டது போலச் சில்லிட்டது. குனிந்து காதை வைத்தாள். மற்றக் குழிகளில் கேட்பது ஓட்டைக் கீறும் மெல்லிய சுரண்டல். இதில் கேட்டது, தூங்குகிற குழந்தையின் மூச்சு. வாசனைகூட முட்டைக் கவிச்சி இல்லை. ஈரத் தலையில் தடவிய தேங்காயெண்ணெய், நனைந்த ரிப்பன். பயந்து வீட்டுக்கு ஓடினாள். மறுநாளும் போய் முகர்ந்தாள். அதற்கு மறுநாளும்.

ஒரு நாள் பொழுது சாய்கையில், விடுதி ஒன்றின் பெரிய விளக்கு மணல்மேல் மஞ்சளாகக் கொட்டியது. வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சுகள் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் ஏறிவிடும்.

"லைட்ட அணைக்கச் சொல்லிட்டு வந்துர்றேன். தனியா இருந்துக்குவியா யக்கா?"

"இருந்துக்கிறேன். நீ போ."

அவன் போன கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. சவுக்குத்தோப்பின் இரைச்சலும் கூடவே அணைந்தது. மூலையில், கூடைக்கடியில், மணல் உள்வாங்கும் சத்தம்.

கூடையை எடுத்தாள்.

முதலில் விரல்கள். நெல்மணி நீளம். பிறகு ஒரு முகம், உள்ளங்கைக்குள் அடங்குகிற முகம், இமையால் மணலைத் தள்ளிக்கொண்டு வந்தது. இடது புருவத்துக்குக் கீழே மச்சம். எழிலின் மச்சம். அடுத்து இன்னொரு முகம். இன்னொன்று. எல்லாவற்றிலும் அந்த மச்சம். குழி பொங்கியது.

"எழிலு..."

ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவள் பாதங்களின்மேல் ஏறி இறங்கி, சில்லென்று, சத்தமில்லாமல், கடலைப் பார்த்துத் தவழ்ந்தன. குஞ்சுகளைக் கவ்வ வரும் தெருநாய்களை விரட்டக் கழியைத் தேடினாள். நாய்கள் ஏற்கெனவே வாலை இடுக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன.

அலை வந்தது. கொஞ்சம் பேரைக் கொண்டுபோனது. மறுபடி வந்தது. மார்கழியில் ஒரு தரம் எடுத்த பிள்ளையைக் கடல் அவள் கண்ணெதிரே திரும்பத் திரும்ப எடுத்தது. ஒரு தரமாவது அம்மா பக்கம் பார்க்க மாட்டாளா? ஒரே ஒரு தரம்?

கடைசியாக ஒன்று, குழியிலிருந்து ஏற மாட்டாமல் கிடந்தது. இளைத்த குஞ்சைத் தண்ணீர்வரை ஏந்திப்போய் விட்டுவிட வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் முறை. ஏந்தினாள். நடந்தாள். முழங்கால்வரை தண்ணீர். கையைத் தாழ்த்தினாள். அது துடித்தது. குட்டிக் கைகள் துடுப்பாய் அடித்துக்கொண்டன. முகம் கடல் பக்கமே.

விரல்களை மூடினாள்.

"உன்ன மட்டும் உடமாட்டேன்டீ."

மார்போடு இறுக்கிக்கொண்டு கரையை நோக்கித் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் அலை நின்றது. அப்படியே. சுத்தமாக.

திரும்பிப் பார்த்தாள்.

நுரை நெடுக, இருட்டுகிற கடல்வரை, சின்னஞ்சிறு முகங்கள். தண்ணீருக்குமேல். எல்லாம் எழில். எல்லாம் அவளையே பார்த்தன. ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. திறந்த வாய்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது.

அவள் மார்பில் ஒட்டிக்கிடந்த அந்த ஒன்றும் வாயைத் திறந்தது.