பன்னிரண்டு வீடு

காலை எட்டு மணிக்கே நாத்தனார் கமலாட்சி கேசரி டப்பாவோடு வந்து நின்றதும் புவனேஸ்வரி நூல் சுற்றியபடியே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவள்தான். ஆனால் காரியம் இல்லாமல் இனிப்பு கொண்டு வருகிற ரகமில்லை!

"தினா, வேற கம்பெனிக்குப் போறியாமே? பழைய கம்பெனியில புடிச்ச பி.எஃப். பணம் சும்மாதானே இருக்குது? அத எடுத்து அத்தைக்குக் குடுப்பா. எம்பொண்ணு கல்யாணம் காசில்லாம அப்படியே நிக்குது..."

தறியில் உட்கார்ந்திருந்த கணவர் வேலாயுதம், அக்கா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். இருபத்து நாலு வயது மகன் தினகரன் உடனே கைப்பேசியைத் திறந்தான்.

"வாணாம்பா. அத புது கம்பெனிக்கு மாத்திக்கோ" என்றாள் புவனேஸ்வரி.

"ரெண்டு வருஷப் பணம்தானேமா? அத்த வூட்டு மாமாவோட நெஞ்சு ஆபரேஷனுக்கே ஒரு ரூபா எடுத்துக் குடுக்காதவதானே நீ... இப்பவும் குறுக்க நிக்கிறியே!"

நூல் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. பன்னிரண்டு வருஷமாகத் தெருவே சொன்ன பேச்சு. இன்று பெற்ற பிள்ளை வாயிலிருந்து வந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் நன்றாக ஆறவைத்த கோபம்.

"இன்னாங்க... அந்த ஆபரேஷன் பணம் யாருதுன்னு உங்க புள்ளகிட்ட சொல்லுங்க" என்றாள் கணவனிடம்.

"இப்போ எதுக்குமா அது..."

"சொல்லுங்க! இல்லன்னா நான் இந்த வாசப்படி தாண்டிடுவேன்."

வேலாயுதம் தறியை விட்டு எழுந்தார்.

"முதலாளி குடுத்த முன்பணம்னு சொன்னதெல்லாம் பொய்யிடா. உங்கம்மாவோட பி.எஃப். அது. வேலைய விட்டாத்தான் முழுசா எடுக்க முடியும்னாங்க. நான்தான் விடச் சொன்னேன்."

"அப்பா!"

"நமக்குத் தெரிஞ்சதெல்லாம் அட்வான்ஸ்தானேடா? முதல்ல வாங்குவோம், அப்புறம் நெய்து கழிப்போம். இதுவும் அப்படித்தான், மறுபடி வேலைக்குச் சேந்து கழிச்சிக்கலாம்னு நெனச்சிட்டேன். ஆனா முப்பது வயசு தாண்டிடுச்சின்னு ஒரு கம்பெனியும் உங்கம்மாவ எடுக்கல..."

"ஒன்பது வருஷம் அஞ்சு மாசம்" என்றாள் புவனேஸ்வரி. "இன்னும் ஏழு மாசம் போயிருந்தா பத்து வருஷம். வயசான காலத்துல மாசாமாசம் பென்ஷன் வந்திருக்கும். இருபது வயசுலேர்ந்து சேத்தது தினா! அது வட்டி மேல வட்டியா இன்னிக்கு எவ்வளோ ஆயிருக்கும்னு உன் போனுலயே போட்டுப் பாரு."

தினகரன் அத்தையைப் பார்த்தான். கமலாட்சி கேசரி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி பொண்டாட்டி காசுன்னா மாமியார் வூட்ல கேவலமா பூடும்னுதான்..." என்று இழுத்தாள். "தம்பி வாங்கிக் குடுத்தான்னு சொன்னேன்."

"அதோட விட்டீங்களா? பொண்டாட்டிக்காரி கல்நெஞ்சுக்காரின்னு வூடு வூடா போயி சொல்லலையா அண்ணி? உங்க தம்பி கையப் புடிச்சிக்கினு கெஞ்சினாரேன்னு நான் வாயத் தொறக்கல. எம்புள்ளையே என்னை வெறுக்குற வரைக்கும்..."

"உன் கழுத்துல மூணாவது முடிச்சு போட்டவடி நான்! கல்யாணம் நின்னு போச்சின்னா எம்பொண்ணு செத்துடுவா புவனா..." கமலாட்சி ஓவென்று அழுதாள்.

புவனேஸ்வரி கையிலிருந்த இரண்டு தங்க வளையல்களையும் கழற்றினாள். அம்மா போட்டு அனுப்பிய கடைசி நகை அது.

"எம்புள்ள பணத்துல ஒரு பைசா தொடக் கூடாது. இந்த வளையல எடுத்துக்கோங்க. திருப்பித் தர வாணாம். ஆனா இப்போ இல்ல. இந்தத் தெருவுல பன்னெண்டு வூடு இருக்குது. அன்னிக்கு எங்கெங்க போயி சொன்னீங்களோ, அங்கெல்லாம் போயி உண்மைய சொல்லிட்டு வாங்க. அப்புறம் தரேன்."

"அவமானமா இருக்குதுடி..."

"எனக்குப் பன்னெண்டு வருஷம் இருந்திச்சி."

வேலாயுதம் குறுக்கே வரவில்லை. முதல் முறையாக அக்காவுக்காகத் தலையாட்டவும் இல்லை. கமலாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தினகரன் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு விம்மினான். "தெரியாம பேசிட்டேம்மா... மன்னிச்சிடுமா!"

அவனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தபோதுதான் அவளுக்கும் கண் நிறைந்தது. "அழுவாதடா. மொதல்ல பணத்த புது கம்பெனிக்கு மாத்தி வுடு" என்றாள். அவன் முதுகைத் தடவினாலும், பார்வை என்னவோ தெருவில்தான் இருந்தது.

எதிர்வீட்டு வாசலில் கமலாட்சி தலை குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். வீட்டுக்காரி சம்பூர்ணம் புரியாமல் விழித்தாள். புவனேஸ்வரி மகனை அணைத்த கையை எடுக்காமலே குரல் கொடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க அண்ணி... அவங்களுக்குக் காது மந்தம்!"