இல்லாததைச் சொல்லும் பாடம்

"நீ எடுக்கலைன்னா அதுக்கு என்ன, கால் முளைச்சா போச்சு?"

"எனக்கு ஏபிசிடியே தடுமாறும் அண்ணி! அந்த இங்கிலீஷ் கேசட்டை வச்சுக்கிட்டு நான்..."

"இங்கிலீஷ் யாருக்கு வேணும்? அவர் குரல் இருக்குடி அதுல!"

"...என்ன பண்ணப் போறேன்? ஒரு நாள்கூட அதைக் கேட்டதில்லை. சத்தியமா!"

காலமாகிவிட்ட பக்கத்து வீட்டு இங்கிலீஷ் மாஸ்டரின் மனைவியும் அவர் தங்கையும் இப்படி ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டு உள்ளே வந்தபோது, கம்பவுண்டர் பாதிக் கன்னம்தான் சவரம் செய்திருந்தார். மீதி நுரையோடு கூடத்துக்கு ஓடி வந்தார். வழக்கு என்றால் அவருக்கு அப்படி ஓர் ஆசை. ஆனால் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றது அவரல்ல, அவர் மனைவி. இன்ஸ்பெக்டரம்மா பட்டாணி உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"உக்காருங்க. ஒருத்தர் பேசுங்க."

மாஸ்டரின் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை நான் மகள் வீட்டுக்கே போயிடறேன். அவர் போனப்புறம் மிச்சம் இருக்கிற குரல் அந்த ஒரு கேசட்டுலதான். மத்ததை எல்லாம் பேரப் பசங்க சினிமாப் பாட்டு பதிஞ்சு அழிச்சுட்டாங்க. இன்னிக்குப் பெட்டி கட்டலாம்னு அலமாரியைத் திறந்தா, உறை இருக்கு, உள்ளே ஒண்ணும் இல்லை."

"என்ன பாடம் அது?"

"சப்ஜங்டிவ்!" கம்பவுண்டர் முந்திக்கொண்டார். நுரைக்கு மேலே அவர் கண்கள் பளபளத்தன.

மறக்கிற பாடமா அது? இளவயதில் மருந்துக்கடை வேலை முடிந்ததும் அவரும் மாஸ்டரின் முன்னறைக்குத்தான் ஓடுவார். சட்டையில் மருந்து நெடி அடிக்கும். "வாய்யா டிங்சர்" என்று மாஸ்டர் கூப்பிடுவார். ஆடுகிற பெஞ்சு, சாக்பீஸ் தூசி, ஒற்றை மஞ்சள் பல்பு. "இல்லாததை இருக்கிற மாதிரி வச்சுப் பேசறதுக்கு இங்கிலீஷ்காரன் தனி வழி வச்சிருக்கான்யா. நீ பறவையா? இல்லை. ஆனா ஆசைப்படலாம். அப்போ 'வாஸ்' வராது, 'வேர்'தான் வரும். சொல்லு, இஃப் ஐ வேர் எ பேர்ட்!" வாக்கியம் முடிந்ததும் மாஸ்டரின் வலது கை மேலே போகும். அறை முழுக்கக் கையைத் தூக்கி ஒரே குரலில் கத்தும். தெருவில் சைக்கிளில் போகிறவன்கூட "பேர்ட்" என்று முடித்துவிட்டுத்தான் போவான்.

"கேசட் பதிஞ்ச அன்னிக்கு நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" இன்ஸ்பெக்டரம்மா கேட்டார்.

"சமையலறையில இருந்தேன். சத்தம் விழும்னு ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்த்து ஊத்த உக்காந்து பேசினார். மத்தியானம் பூரா மேஜையை லொட்டு லொட்டுன்னு தட்டினதுல எனக்குத் தலைவலியே வந்துடுச்சு."

"வேற யாராவது அந்தக் கேசட்டைக் கேட்டு வந்தாங்களா?"

"சின்ன வாத்தியார் நகல் எடுத்துக்கறேன்னு கேட்டார். தரமாட்டேன்னுட்டேன்."

"அவன்தான்!" கம்பவுண்டர் தொடையைத் தட்டினார். "கேட்டான், கிடைக்கலை, எடுத்துட்டான். முடிஞ்சது வழக்கு."

"முதல்ல முகத்தைக் கழுவுங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

மாஸ்டர் வீட்டு முன்னறை அப்படியேதான் இருந்தது. பெஞ்சுகளை மட்டும் மாற்றியிருந்தார்கள். மாஸ்டரிடம் படித்து இப்போது அங்கேயே வகுப்பு எடுக்கும் சின்ன வாத்தியார், விஷயத்தைக் கேட்டதும் சிவந்துபோனார். "நான் திருடுவேனா மாமி? அவர்கிட்ட நாலு வருஷம் படிச்சவன். கேசட்டே வேண்டாம், பாடம் முழுக்க என் நாக்குல இருக்கு."

"அப்படியா? எங்கே, எனக்கு ஒரு தடவை நடத்துங்க பார்ப்போம்."

அவர் கரும்பலகை ஓரம் போய் நின்றார். மாஸ்டரின் மனைவி நாற்காலியில் அமர்ந்தாள். தங்கை மேஜை மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை."

சின்ன வாத்தியாரின் கை தானாக மேலே போயிற்று. கம்பவுண்டரின் கையும் கூடவே போயிற்று. "இஃப் ஐ வேர் எ பேர்ட்!" என்று அவர் கத்தினார். இத்தனை வருடம் கழித்தும் அந்த அறை பதில் சொன்னது போலிருந்தது. இடையில் மேஜைப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "நீங்க கத்தாதீங்க. காது போகுது."

வாக்கியம் முடிந்தது. கைகள் எழுந்தன. அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது: டொக், டொக்.

தங்கை தன் விரல்களைத் தானே பார்த்தாள். முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வகுப்புல உக்காந்தவங்க எல்லாருக்கும் கைதான் மேலே போகுது" என்றார் இன்ஸ்பெக்டரம்மா மெதுவாக. "கேசட்டுல கை தெரியாதே. திருப்பிச் சொல்லுன்னு காட்ட மாஸ்டர் என்ன பண்ணுவார்? மேஜையைத் தட்டுவார். உன் அண்ணிக்குத் தலைவலி வந்தது அதனாலதான். என்னிக்கோ ஒரு மத்தியானம் காதுல விழுந்ததுக்கு விரல் பழகாதும்மா. தினம் கேட்டு, தினம் சொல்லிப் பார்த்தாத்தான் பழகும். கேட்டதே இல்லைன்னு ஏன் சத்தியம் பண்ணினே?"

கம்பவுண்டர் சின்ன வாத்தியாரிடம் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து வைத்தார். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

தங்கை உள்ளே போய், தலையணை உறைக்குள்ளிருந்து கேசட்டை எடுத்து வந்தாள். "அலமாரியிலேயே இருந்தா நீங்க மகள் வீட்டுக்குக் கொண்டு போயிடுவீங்களே அண்ணி."

"உனக்கு எதுக்குடி அது?"

"அப்பா படுக்கையில கிடந்தப்ப, நானும் கடைசி பெஞ்சுல உக்காரட்டுமான்னு அண்ணன்கிட்ட ஒரு தடவை கேட்டேன். 'உனக்கு எதுக்கு?'ன்னு அவரும் இதையேதான் கேட்டுச் சிரிச்சார். அப்புறம் நான் கேக்கலை. வகுப்பு முடிஞ்சா கூட்டறதோட சரி." டேப்ரெக்கார்டரில் போட்டு, எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்க்காமலே சுழற்றினாள். "இதைக் கேளுங்க."

கரகரப்புக்குப் பின்னால் மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். கம்பவுண்டர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இஃப் மை சிஸ்டர் வேர் இன் திஸ் கிளாஸ், ஷி வுட் பி த ஃபர்ஸ்ட்."

டொக், டொக்.

திருப்பிச் சொல்வதற்காக விட்ட இடைவெளி ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் கை தூக்கவில்லை. சின்ன வாத்தியார்தான் தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்: "என் தங்கை இந்த வகுப்புல இருந்தா, அவதான் முதல்ல வருவா."

"அர்த்தம் எனக்குத் தெரியும் தம்பி" என்றாள் தங்கை. பிறகு மாஸ்டரின் மனைவியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவள் முழங்காலைத் தொட்டாள்.

"நீங்கதான் அவரோட இத்தனை வருஷம் இருந்தவங்க, நீங்க சொல்லுங்க அண்ணி. இதை அவர் மனசறிஞ்சு சொன்னாரா, இல்ல பாடத்துக்கு ஒரு உதாரணம் வேணுமேன்னு சொன்னாரா?"