அக்காவின் குரல்பட்டை

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊருக்கெல்லாம் ஓய்வு, பொன்னரசுவுக்கு மட்டும் கைநாட்டு. விடிந்ததும் பேருந்தைப் பிடித்து, சிங்காநல்லூரில் மாமாவைப் படியேற்றும் நாற்காலிக்கு ஒரு கட்டைவிரல், பீளமேட்டில் மகள் வீட்டுத் தொட்டிலாட்டிக்கு ஒரு கட்டைவிரல் என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். எல்லாம் அவன் தன் பட்டறையில் சொந்தமாகச் செய்து கொடுத்தவை. யாரும் கேட்கவில்லை, பாசம் பொங்கிச் செய்தான். இப்போது ஐம்பத்தாறு வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாசத்தின் பின்னால் அலைகிறான்.

யாரோ வீட்டில் செய்த அடுப்பு வெடித்து ஒரு தெருவே எரிந்த பிறகு வந்த சட்டம் இது. வீட்டுக் கருவி எதுவானாலும் செய்தவரே பொறுப்பு. வாரம் ஒருமுறை அவரே நேரில் வந்து சோதித்து விரல் வைக்காவிட்டால் கருவி அணைந்துவிடும். கம்பெனிக் கருவிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. காய்ச்சல் என்றாலும், சாவு வீடு என்றாலும் பொன்னரசு போய்த்தான் ஆக வேண்டும்.

கடைசி வீடு சூலூரில் அக்கா மயிலாத்தாளுடையது. புற்றுநோயால் அவளுடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அவள் வாயசைத்தால் பேசும் குரல்பட்டையை அவன்தான் செய்து கழுத்தில் மாட்டினான். பழைய குரலுக்காகத் தேடியபோது, அவளிடமிருந்து அவன் போனில் இருந்ததெல்லாம் அவனைத் திட்டி அனுப்பிய குரல்செய்திகள்தான். அதனால் பட்டை எதைச் சொன்னாலும் திட்டுவதுபோலவே வரும். பெண் பார்க்க வந்த சம்பந்தியை அக்கா நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னபோது, பாவம், அவர் எழுந்து நின்றுவிட்டார். மாற்றித் தருகிறேன் என்று இவன் கெஞ்சியும் அக்கா ஒப்பவில்லை. அவளுக்கு அது பிடித்துப் போயிருந்தது.

இன்று அவளிடம், கம்பெனிப் பட்டைக்கு மாறிக்கொள் என்று சொல்லிவிடுவதாக இருந்தான். முடியவில்லை, உடம்பு கேட்கவில்லை. வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். சொந்த அக்காவின் குரலைப் பிடுங்கப் போகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

கதவைத் திறந்த அக்கா வாயசைத்தாள்.

"வாருங்கள் தம்பி. காபி அருந்துகிறீர்களா?"

கழுத்தில் வெள்ளையாக ஒரு புதுப் பட்டை. பொன்னரசு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"பழசு எங்கக்கா?"

வியாழக்கிழமை கம்பெனியில் ஒப்படைத்துவிட்டாளாம். பழையதைக் கொடுத்தால்தான் புதியதைத் தருவார்கள். அவள் கண் முன்னாலேயே அதை அரவை எந்திரத்தில் போட்டார்களாம். அந்தக் குரலுக்கு வேறு பிரதியும் கிடையாது, வீட்டுக் கருவிகளுக்குப் பிரதி வைத்திருப்பது குற்றம் என்பதால், போனிலிருந்த குரல்செய்திகளையும் பட்டை செய்த அன்றே அவன் அழித்திருந்தான்.

"சென்ற வாரம் தாங்கள் என் கழுத்தில் விரல் வைத்தபோது கை கொதித்தது," என்றது பட்டை, செய்தி வாசிக்கும் பெண்ணைப் போல. "இனி ஞாயிற்றுக்கிழமைகளில் உறங்குங்கள்."

சொல்ல வந்ததை அவளே செய்துவிட்டாள். ஒரு கணம் உடம்பு லேசானது நிஜம்தான். ஆனால் எதிரே நின்று பேசுவது அக்காதான் என்று காது ஒத்துக்கொள்ள மறுத்தது.

"அக்கா, ஒருக்கா என்னையத் திட்டு."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். அவன் நெற்றியில் கை வைத்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். உதட்டசைவிலேயே அவனுக்குப் புரிந்தது. கூறுகெட்டவனே, இன்னும் காச்சலோட எதுக்குடா பஸ்ஸேறி வந்தே, சாவறதுக்கா?

"தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். நன்றி," என்றது பட்டை.

அக்கா நிறுத்தவில்லை. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட, கையை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டே இருந்தாள். யாரோ ஒரு பெண் அவனிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.