வாசலில் நின்று படிக்கும் அளவு

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு முனீஸ்வரி அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறைக்குள் முதல்முறையாக நுழைந்தாள். திருப்பரங்குன்றத்தை விட்டு ஒதுங்கி, வயல்களைப் பார்த்தபடி நின்ற பழைய கட்டடம் அது. அறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் டியூப்லைட் எரிந்தது. ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. அதற்கும் அடியில், காயாமல் மடித்து வைத்த சேலையின் வாடை.

"இதேன் ஒன் எடம்," என்று நாற்காலியைக் காட்டினாள் ஆனிமேரி. இருபது வருடமாக அங்கே ரத்தம் எடுப்பவள். "கரெண்டு போனா பயப்படாத. கம்ப்யூட்டர் போனா மட்டும் பயப்படு."

கம்ப்யூட்டர் பழையது. லினக்ஸ் போட்டிருந்தார்கள். டெர்மினல் என்ற கருப்பு விண்டோவைத் திறந்தால் அதற்குள் பச்சை எழுத்துகள் ஓடும். பரிசோதனை மெஷினின் சொந்தத் திரை எரிந்துபோய் இரண்டு வருடமாகிவிட்டதால், எந்த நோயாளியின் முடிவும் இந்த விண்டோவில்தான் வந்து விழும். அதைப் பார்த்து உடனே வார்டுக்குப் போனில் சொல்ல வேண்டும். முனீஸ்வரியின் வேலை அவ்வளவுதான்.

விண்டோவைத் திறந்தவள் திடுக்கிட்டாள். எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம் இருந்தது. ஒரு வரியில் நாலு சொல்கூட நிற்கவில்லை.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிவக்குமாருக்குப் போன் செய்தாள்.

"மேல ப்ரொஃபைல்னு இருக்கும், அதுக்குள்ள போங்க. கலரு, எழுத்து சைஸு, எல்லாம் ஒங்க இஷ்டம். இப்ப எம்புட்டு இருக்கு?"

"முப்பத்தாறு."

"யாத்தே. ரோட்டுல போறவன் படிக்கிறதுக்கா? பன்னெண்டு வச்சுக்கங்க."

பன்னிரண்டு வைத்தாள். கருப்பை மாற்றி வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தாக்கினாள். கண்ணுக்கு இதமாக இருந்தது. இனி இது தன் இடம் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை திறந்தபோது நிறம் அவள் வைத்தபடியே இருந்தது. எழுத்து மட்டும் இருபத்தெட்டு.

புதன்கிழமை இருபது.

"மெஷினுக்கு ஒங்க பழக்கம் புடிபட்டுக்கிட்டு வருது போல," என்று சிரித்தான் சிவக்குமார். அவளும் சிரித்தாள். தினமும் பன்னிரண்டுக்கு மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

மூன்று நாளாக விட்டுவிட்டு வந்த காய்ச்சல் அன்று சாயங்காலம் அவள் மகள் சத்யப்ரியாவுக்கு அனலாக ஏறியது. ஏழு வயது. முனீஸ்வரிக்கு அவளை விட்டால் உலகத்தில் வேறு ஆள் இல்லை. மறுநாள் காலை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டெங்கு என்றார்கள். பரிசோதனை அறை வாசலுக்கு நேர் எதிரே குழந்தைகள் வார்டு. வாசலோரக் கட்டிலே கிடைத்ததால், நாற்காலியில் திரும்பிப் பார்த்தால் மகளின் கால் தெரிந்தது.

அன்று எழுத்து பதினான்கில் திறந்திருந்தது.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்த முனீஸ்வரி கேட்டாள்.

"மேரிக்கா, எனக்கு முந்தி எழுத்தை அம்புட்டுப் பெருசா வச்சது யாரு?"

"நாந்தேன்." ஆனிமேரி வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மாயக்காள்னு ஒரு பொம்பள. டி. கல்லுப்பட்டிப் பக்கம். மகன் கருத்தக்கண்ணன் அந்த வார்டுலதேன் கெடந்தான். ரிசல்ட் வந்துருச்சா வந்துருச்சான்னு வாசல்லயே நிப்பா. வெளியாளை உள்ள விடக் கூடாதுன்னு ரூலு. பாவமேன்னு எழுத்தைப் பெருசு பண்ணிவிட்டேன். வாசல்ல இருந்தே கண்ணை இடுக்கிப் படிச்சுக்கிருவா."

"பெறகு?"

"ஒருநா நான் லீவு. எனக்குப் பதிலா வந்தவ, இதென்ன அசிங்கமா இருக்குன்னு எழுத்தைச் சின்னதாக்கிட்டா. காலையில வந்த ரிசல்ட்டு. வார்டுக்குப் போன் பண்ணவும் மறந்துட்டா. சாயங்காலம் வரைக்கும் அது திரையிலயே கெடந்துருக்கு. மாயக்கா வாசல்லயே நின்னுருக்கா. அம்புட்டுத் தூரத்துல இருந்து அவளுக்கு எழுத்துத் தெரியல."

"பிள்ளை?"

ஆனிமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். "மூணாம் மாசம் கெணத்துல விழுந்து அவளும் போயிட்டா. நாந்தேன் எழுத்தைத் திரும்பப் பெருசாக்குனேன், பெறகு சின்னதாக்க மனசு வரல. சாப்புடுடி, சோறு ஆறுது."

ஆனிமேரி வார்டுக்குப் போனதும் முனீஸ்வரி எழுந்தாள். எழுத்தை முப்பத்தாறாக்கிவிட்டுத் திரையைப் பார்த்தபடியே பின்னால் நடந்தாள். வாசல்படியில் நின்றாள். ஒன்பது தப்படி. கண்ணை இடுக்கினால் அங்கிருந்து படிக்க முடிந்தது. அதற்கு ஒரு தப்படி அப்பால் போனால் முடியவில்லை.

இருபத்தெட்டு வைத்தாள். தண்ணீர் ஃபில்டர் வரைக்கும் படிக்க முடிந்தது. ஏழு தப்படி.

இருபதுக்கு ஐந்து தப்படி.

ஒரு தப்படிக்கு நாலு சைஸ்.

விரலை மடக்கி நாட்களை எண்ணினாள். திங்கட்கிழமை வாசலில் நின்ற மாயக்காள் செவ்வாய்க்கிழமை ஃபில்டர் பக்கத்தில் நின்றிருக்கிறாள். இன்று காலை, நாற்காலிக்குப் பின்னால் மூன்றரைத் தப்படியில். எழுத்தைச் சின்னதாக்கச் சின்னதாக்க, படிப்பதற்காகக் கிட்ட வந்துகொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை எழுத்து எட்டில் திறந்தது.

முனீஸ்வரி திரும்பவில்லை. ஈரச் சேலை வாடை பிடரியில் நின்றது.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். சத்யப்ரியாவின் ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. "இப்ப எடுத்த ரத்தத்துல பிளேட்லெட் எவ்வளவுன்னு பாத்து உடனே சொல்லும்மா. நிமிஷக் கணக்கு," என்றார். ரத்தம் எடுத்த டியூபை ஆனிமேரி மெஷினில் வைத்தாள். அடுத்த வார்டில் அவசரமாகக் கூப்பிட, ஓடினாள்.

மெஷின் இரைந்தது. நின்றது. விண்டோவில் ஒரு வரி வந்து விழுந்தது.

அதைப் படிப்பதற்குள் எழுத்து சுருங்கியது. ஆறு. நாலு. எறும்பு ஊர்ந்த கோடுபோல ஆனது.

கண்ட்ரோலையும் பிளஸ்ஸையும் அழுத்தினாள். பெரிதாகி, ஒரு கணம் நின்று, மறுபடி சுருங்கியது. இரண்டு. வெறும் தூசி.

மானிட்டரின் மேல் ஆவி படிந்தது.

ஒரு வட்டம். மறைந்தது. மறுபடி படிந்தது. யாரோ கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து மூச்சு விடுவதுபோல. அது முனீஸ்வரியின் மூச்சு இல்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் திரைக்கும் நடுவில் இருந்தது ஒரு முழ இடம். அந்த இடத்தில் குளிர்ந்தது.

"அக்கா," என்றாள் கிசுகிசுப்பாக. "என் பிள்ளைக்கா. கொஞ்சம் தள்ளிக்கங்க."

ஆவி படிந்தது. மறைந்தது.

"ஒங்களுக்குத் தெரியாததா. நிமிஷக் கணக்குக்கா."

நகரவில்லை.

எதிர்க் கட்டிலில் மகளின் கால் அசையாமல் கிடந்தது. சீஃப் சிஸ்டர் வாசலில் எட்டிப் பார்த்து, "வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வந்திருக்கிறது. கண்ணெதிரே இருக்கிறது. தெரியவில்லை.

அப்போதுதான், இதே திரையில் எதைப் படிக்க முடியாமல் ஒருத்தி வாசலில் நின்றாள் என்று உறைத்தது.

விரல்கள் தாமாகவே தேடின. பழைய முடிவுகளைத் தேடும் கட்டளை. திரையில் எதுவும் தெரியாததால் கைப் பழக்கத்தில் அடித்தாள். கருத்தக்கண்ணன். என்டர்.

தூசி போல ஒரு வரி வந்தது.

ஆவி படிந்தது. அப்படியே நின்றது. அடுத்த மூச்சு வரவேயில்லை.

குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எழுத்து மெல்ல வளர்ந்தது. நாலு. எட்டு. பன்னிரண்டு. இப்போது முனீஸ்வரியாலும் படிக்க முடிந்தது. கருத்தக்கண்ணனின் முடிவு வந்த நேரம் காலை 10.42. அன்று பகல் முழுவதும் அது இங்கேயே இருந்திருக்கிறது.

"மன்னிச்சுக்கங்கக்கா," என்று சொல்லிக்கொண்டே மகளின் முடிவை வரவழைத்தாள். பதினோராயிரம். போனை எடுத்துக் கத்தினாள். வார்டில் காலடிகள் ஓடின. பிளேட்லெட் பை தொங்கவிடப்படுவதை அங்கிருந்தே பார்த்தாள். மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள்.

நிமிர்ந்தபோது எழுத்து இருபத்தெட்டாகியிருந்தது. பிறகு முப்பத்தாறு. வாசல். போகிறாள், போய்விடுகிறாள் என்று முனீஸ்வரி கைகூப்பினாள்.

எழுத்து நிற்கவில்லை.

ஐம்பது. அறுபது. எழுபத்திரண்டில் நின்றது.

பதினெட்டுத் தப்படி.

எழுந்து எண்ணிக்கொண்டே நடந்தாள். ஒன்பதில் வாசல்படி. பதினான்கில் வார்டு வாசல். பதினெட்டாவது தப்படியில் மகளின் கட்டில் காலில் முட்டி நின்றாள். திரும்பிப் பார்த்தாள். இரண்டு வாசல்களுக்கும் அப்பால் திரை தெரிந்தது. கண்ணை இடுக்கினால் படிக்க முடிந்தது.

சத்யப்ரியா தூங்கிக்கொண்டிருந்தாள். துணைக்கு வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூல் கட்டிலை ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதன் பலகை ஈரமாக இருந்தது.

அடுத்த மூன்று நாளும் எழுத்து எழுபத்திரண்டிலேயே இருந்தது. பிளேட்லெட் ஏறியது. காய்ச்சல் விட்டது. செவ்வாய்க்கிழமை டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போது நர்ஸ் விளையாட்டாகக் கேட்டாள். "ஒங்க பேரென்ன மேடம்?"

"கருத்தக்கண்ணன்," என்றாள் சத்யப்ரியா.

நர்ஸ் சிரித்தாள். முனீஸ்வரி பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தாள். ஆஸ்பத்திரியில் இருப்பது ஆஸ்பத்திரியோடு போகட்டும்.

மறுநாள் பிள்ளையைப் பக்கத்து வீட்டு இருளாயியிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். விண்டோவைத் திறந்தாள்.

எழுத்தே இல்லை. திரை முழுவதும் ஒரே கருப்பு. அவள் வைத்த வெள்ளையைக் காணவில்லை.

சிவக்குமார் நேரில் வந்து பார்த்தான். ப்ரொஃபைலைத் திறந்தவன் வாயைப் பிளந்தான்.

"கருப்பு இல்லங்க இது. எழுத்து. ஒரு எழுத்தோட கோட்டுக்குள்ளதேன் நாம இருக்கோம். சைஸு நாலாயிரத்து நானூறு. இம்புட்டு வைக்கவே முடியாதே. யாரு கைய வச்சது?"

நாலாயிரத்து நானூறு. ஆயிரத்து நூறு தப்படி.

தண்டவாளத்தைத் தாண்டி, வயலுக்குக் குறுக்கே நேராகப் போனால் அவள் வீடு அவ்வளவு தூரம்தான் இருக்கும்.

"ஆளு வச்சுப் பாக்கணும், மத்தியானம் வாரேன்," என்று சிவக்குமார் போய்விட்டான்.

முனீஸ்வரி ஓடிப்போக எழுந்தாள். ஓடி என்ன செய்வது? கண்ணுக்குத் தெரியாதவளை எந்தக் கையைப் பிடித்து வெளியே தள்ளுவது? அவளை அசைக்க இந்த ஒரு வழிதான் தெரியும். மறுபடி உட்கார்ந்தாள். கண்ட்ரோலை ஒரு விரலாலும் மைனஸை ஒரு விரலாலும் அழுத்தினாள். விடவில்லை.

நகம் வெளுத்தது. கருப்பு அசையவில்லை.

"வாங்கக்கா," என்றாள். "அங்க வேணாம். இங்க வந்து படிங்க. எம்புட்டு வேணும்னாலும் காட்டுறேன். வாங்க."

திரையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தது.

போன் அடித்தது. ஒரு கையால் விசைகளை அழுத்தியபடியே மறு கையால் எடுத்துக் காதில் வைத்தாள். இருளாயி.

"ஏண்டி, ஒன் சொந்தக்காரியா அது? பிள்ளை தலமாட்டுலயே காலையில இருந்து உக்காந்திருந்தா. ஒரு வார்த்தை பேசல. காப்பித்தண்ணி போட்டு எடுத்துட்டு வாரதுக்குள்ள ஆளைக் காணோம். சேலையெல்லாம் நனைஞ்சு போய், தரை பூரா ஈரம். யாருடி அவ?"

"பிள்ளை எப்பிடி இருக்கா?"

"அவளுக்கென்ன. இட்லி வேணும்னு இப்பத்தேன் எந்திரிச்சா."

முனீஸ்வரி போனை வைத்தாள். திரையில் இப்போது ஒரு முழு எழுத்து தெரிந்தது. பிறகு ஒரு சொல். பிறகு ஒரு வரி. நூறு. எழுபத்திரண்டு. முப்பத்தாறு.

வாசல் பக்கம் வாடை வந்தது.

இருபது. எட்டு.

முனீஸ்வரி விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, நாற்காலியில் ஓரமாக நகர்ந்து பாதி இடம் விட்டு உட்கார்ந்தாள்.