நனையாத பத்தடி

மெஹராஜ் ஆபீசுக்குள் வந்தபோது, மழையில் நனைந்துபோன குறிப்பு நோட்டை மோகனப்பிரியா மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“ராத்திரி ஊட்டு ஜன்னலைச் சாத்துறதுக்கென்ன அம்மணி?” என்று சற்று முன்புதான் சென்னகேசவன் கேட்டிருந்தார். அவள் அடுத்த தாளைப் பிரித்தாள். இடிந்த கட்டடங்களைப் பார்த்து, ஏன் இடிந்தது என்று எழுதிக்கொடுப்பது அவருடைய தொழில். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் செய்தார், இப்போது சொந்தமாக. மோகனப்பிரியா அவரிடம் சேர்ந்து ஒரு வருடமாகிறது.

“எங்க ஊட்டுக்காரரு அப்துல் கையூம், கொத்தனாருங்க,” என்றாள் மெஹராஜ். “கருமத்தம்பட்டியில தனபால்ங்கிறவரோட தறிக்குடோனுக்குச் செவுரு கட்டுனாருங்க. முடிச்ச மறுநாளே கோபியில மச்சான் மௌத்தாயிட்டாருன்னு அடக்கத்துக்குப் போனோம். ஆறாவது நாள் காத்துல செவுரு உழுந்து, அங்கப்பன்னு தறி ஓட்டுறவருக்கு இடுப்பெலும்பு ஒடைஞ்சுபோச்சு. இவரு சிமெண்டைத் திருடிப்போட்டாருன்னு இன்னிக்குச் சாயங்காலம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறாங்களாம்.”

“அவர் என்ன சொல்றாரு?”

“ரெண்டு நாளாச் சோறு எறங்கலைங்க. ‘நானே எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டனோ மெஹராஜு’ங்கறாரு. கேசைவிட அதுதான் எனக்குப் பயமுங்க.”

மூவரும் பதினொரு மணி பஸ்ஸில் கிளம்பினார்கள்.

குடோனின் மேற்குச் சுவரில் நடுவே பத்தடி மட்டும் விழுந்து கிடந்தது. முன்பே வந்திருந்த கையூம் தள்ளி நின்று, தான் கட்டிய சுவரையே அந்நியரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். தனபால் ஒரு கலவைத் துண்டை எடுத்து விரலால் தேய்த்துக் காட்டினார்.

“பாருங்க, மாவாட்டம் உதிருது. இதுல சிமெண்டு எங்கீங்க?”

சென்னகேசவன் நிற்கும் சுவரிடம் போய், செங்கல்லுக்கு இடையிலிருந்த கலவையைச் சாவியால் கீறினார். கீறல் விழவில்லை.

“இது எப்பக் கட்டினது?”

“அதே நாள்ல,” என்றார் தனபால்.

“ஒரே சட்டிக் கலவைதானுங்களே. பத்தடிக்கு மட்டும் எப்படிச் சிமெண்டைத் திருடறதுங்க?”

தனபால் கையிலிருந்த கலவைத் துண்டைக் கீழே போட்டார். சென்னகேசவன் தரையைக் காட்டினார். “அம்மணி, சுவரடியைப் பாரு.”

மோகனப்பிரியா குனிந்தாள். நிற்கும் சுவரின் அடியில் இருபுறமும் விரல் உயரத்துக்குப் புல் முளைத்திருந்தது. விழுந்த பத்தடியின் அடியில் வெறும் மண்.

“தண்ணி படலைங்க சார்.”

“தண்ணியா? அஞ்சு நாளும் காலையில சாயங்காலம் எங்க ஊட்டுல ஹோஸ் புடிச்சாங்களே,” என்றார் தனபால்.

குடோனை ஒட்டிய வீட்டிலிருந்து அவர் மனைவி நந்திதா டீ டம்ளர்களோடு வந்துகொண்டிருந்தாள். “புடிச்சேனுங்க. ஒரு பக்கம் மட்டும்... நல்லாக் காயட்டும்னு உட்டுட்டேன். காய்ஞ்சாத்தானுங்களே கெட்டிப்படும்?”

தட்டை ஒரு செங்கல் அடுக்கின்மேல் வைத்தாள்.

“ஊரே அப்படித்தான் நெனைக்குது,” என்றார் சென்னகேசவன். “சூடு தணியத் தண்ணி ஊத்தறாங்கன்னு இந்த அம்மணிகூட எங்கிட்ட வர்றவரைக்கும் நெனைச்சுட்டு இருந்துச்சு. சேறுதானுங்க காயும். சிமெண்டு காயறதில்லை, இறுகுது. இறுகறதுக்குத் தண்ணி குடிக்கணும். சித்திரை வெயில்ல அஞ்சு நாள் தண்ணி காட்டாம உட்டா, எவ்வளவு சிமெண்டு போட்டாலும் மாவுதான்.” பிறகு மெதுவாகக் கேட்டார். “ஆனா ஒண்ணு புரியலைங்க. காயட்டும்னு நெனைச்சா மொத்தச் சுவரையும் உட்டிருக்கலாம். நடுவுல பத்தடி மட்டும் ஏனுங்க?”

நந்திதா ஒரு டம்ளரை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள்.

மோகனப்பிரியா இடிபாட்டுக்குள் தேட ஆரம்பித்திருந்தாள். துப்பு ஒன்று கையில் சிக்கப்போகிறது என்ற துடிப்பு அவளுக்கு. பிய்ந்து விழுந்த தகரம் ஒன்றைத் தூக்கினாள். அடியில் பெரிய சுவர்த்துண்டு ஒன்று. அதில் சாரம் கட்ட விட்டிருந்த ஓட்டை. ஓட்டைக்குள், கட்டை விரல் அளவில், மண்ணால் வழித்துப் பூசிய ஒரு கூடு.

குளவிக்கூடு. ஒரு தரம் ஹோஸ் தண்ணீர் பட்டிருந்தாலும் கரைந்திருக்கும்.

கூப்பிட்டுக் காட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். நிமிர்ந்தபோது நந்திதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். டீக்கு வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு டம்ளர் கேட்டு எந்தக் குழந்தைக் குரலும் வரவில்லை. கொடியில் சின்னத் துணி ஏதும் காயவில்லை. தகரத்தை மறுபடி கீழே வைத்துவிட்டால் என்ன என்று மோகனப்பிரியாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது, ஏனென்றால் பத்தடி தள்ளி ஒரு மனிதர் தன் கைகளையே சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றார்.

தகரத்தைக் கீழே வைக்கவில்லை. சொல்லவும் இல்லை.

“ஒம்பது வருசமுங்க,” என்றாள் நந்திதா, யாரும் கேட்காமலே. “குளவி கூடு கட்டுனா அந்த ஊட்டுல கொழந்தை பொறக்கும்பாங்க. நம்மூட்டுக்கு இப்பத்தான் மொதல் தடவையா வந்துச்சு. தண்ணி தெறிச்சாப் போயிருமேன்னு அந்தப் பக்கமே ஹோஸைக் கொண்டுபோகலைங்க. செவுருக்கும் நல்லதுதானேன்னு நெனைச்சேன். அங்கப்பண்ணன் கீழ நிப்பாருன்னு... உழுந்தப்பறம் தெரிஞ்சுபோச்சு. சொல்ல வாய் வரலைங்க. கொத்தனாரைத் திட்டும்போதெல்லாம் உள்ள போயி நின்னுக்குவேன்.”

தனபாலின் சட்டைப்பையில் எழுதிய புகார் மடித்திருந்தது. அதன்மேல் கையை வைத்தபடி அவர் மனைவியைப் பார்க்காமல் தரையில் முளைத்த புல்லைப் பார்த்தார்.

கையூம் வந்து கூட்டுக்கு முன்னால் குந்தினார். வெகுநேரம் பார்த்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஓட்டை வாயில ஒரு ஓட்டுத் துண்டைச் சொருகிட்டுச் சுத்தி நனைக்கச் சொல்லியிருப்பேனுங்க அம்மணி,” என்றார். பிறகு எழுந்து மெஹராஜிடம், “பசிக்குது,” என்றார்.

நந்திதா அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கப்பனிடம் தானே சொல்வதாகக் கிளம்பினாள். தனபால் சிறிது நின்றுவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுக்கப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் வாங்கியதும் சென்னகேசவன் அவள் பக்கம் திரும்பினார்.

“புல்லு, கலவை, இதெல்லாம் நான் பார்த்தேன். அந்தக் கூட்டைப் பார்த்தவுடனே உனக்கு எப்படி அம்மணி புரிஞ்சுது?”

மோகனப்பிரியா மடியில் இருந்த நோட்டைத் தடவினாள். தாள்கள் உலர்ந்து மேடும் பள்ளமுமாகச் சுருண்டிருந்தன.

“எங்க ஊட்டு ஜன்னலை ரெண்டு வருசமாச் சாத்தலைங்க சார்.”